வண்டி இல்லாத நாள்

"சர்க்கரை மாத்திரை தினமும் எடுக்கறீங்கள்ல?" என்று மருத்துவர் கேட்டு முடிப்பதற்குள், "எடுக்கறேனே" என்றாள் அவள். கேள்வியை முந்திக்கொண்டு வந்த அந்தப் பதில் அவளுக்கே உறுத்தியது.

முழுப் பொய்யும் இல்லை. வண்டி இல்லாத நாட்களில் ஒழுங்காகத்தான் விழுங்கினாள். ஆரம்பித்த புதிதில் ஒரு காலை, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பேருந்தை எடுத்தவள் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாள். வயிறு கலக்கியது. முதுகுக்குப் பின்னால் வண்டி நிறைய ஜனம். பணிமனையில் அவள் ஒருத்திதான் பெண் ஓட்டுநர். ஆண்களைப் போல ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை ஓட்டினாள். அன்றோடு வேலை நாளில் மாத்திரை கிடையாது என்று அவளாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். வாரத்தில் பெரும்பாலும் வேலை நாள்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்துபோனாள். சர்க்கரை மறக்கவில்லை. அடுத்த மாதம் உடற்தகுதிப் பரிசோதனை. அதற்குள் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு பணிமனை மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"இது எங்க மாமனார் காலத்து மாத்திரை டாக்டர்," துணைக்கு வந்திருந்த நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்தாள். "இன்னும் இதையே குடுத்தா எப்படி? புதுசா எத்தனையோ வந்திருக்காம்."

"உங்க தம்பிகூடத்தான் பழசு. மாத்திக் குடுக்கறீங்களா அண்ணி?"

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் முகம் மாறியது. "இதைத் தினமும் எடுத்தும் இவ்வளவுன்னா, இது மட்டும் போதாது. இன்னொண்ணு சேர்க்கறேன். அது சில நேரம் சர்க்கரையை ரொம்ப இறக்கிடும். கை நடுங்கும், கண்ணு இருட்டும். சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது."

"பழசு அப்படி இறக்காதா?"

"தனியா எடுத்தா பெரும்பாலும் இறக்காது. இத்தனை வருஷமா நிறைய பேருக்கு முதல்ல இதையே எழுதறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

பேனா தாளைத் தொட்டது. அவளுக்குக் கண்முன்னே சாலை விரிந்தது. கம்பியில் தொங்கிக்கொண்டு தூங்குகிறவர்கள், அவள் இருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டவர்கள். ஓட்டும்போது கண் இருட்டினால்? வெட்கம் இத்தனை நாள் அவளுடைய வயிற்றோடு போயிற்று. இனி அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போகும்.

"டாக்டர், எழுதாதீங்க."

பேனா நின்றது.

"தினமும்னு சொன்னேன்ல... வண்டி ஓட்டாத நாள்ல மட்டும்தான். போட்டா வயித்தால போகுது. நான் எங்க இறங்கி ஓடறது?"

"அடிப்பாவி!" என்றாள் நாத்தனார். "எங்கிட்டகூட சொல்லலியே!"

"உங்ககிட்ட சொன்னா தெருவுக்கே டிக்கெட் கிழிச்சுக் குடுத்துடுவீங்களே."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். மருத்துவரோ நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "நல்லவேளை சொன்னீங்க. மாத்திரைமேல பழி போட்டிருப்பேன். இது வயித்தைக் கொஞ்சம் படுத்தும்தான். இதே மருந்து மெதுவாக் கரையற மாதிரியும் வருது. ராத்திரி சாப்பாட்டோட போடுங்க. உடைக்காம, மெல்லாம, முழுசா முழுங்கணும். சின்ன அளவுல ஆரம்பிச்சுக் கூட்டலாம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு, நடை எல்லாம் கூடவே வேணும். அப்பவும் குறையலைன்னா ஒளிக்காம வாங்க, வேற பார்க்கலாம்."

"குறைஞ்சிடும்," என்றாள் அவள். தன் குரலில் இருந்த உறுதி அவளுக்குப் பிடித்திருந்தது.

புது மாத்திரை போட்டுக்கொண்ட முதல் இரவுக்கு மறுநாள் காலை, பேருந்தின் முதல் நடை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் காது எஞ்சினை விட்டுவிட்டு வயிற்றைக் கேட்டது. சந்தை நிறுத்தத்தில் உள்ளே ஏதோ உருண்டது. மூச்சைப் பிடித்தாள். மறுபடி உருண்டது. வெறும் பசி.

"ரைட்டுக்கா!" பின்னாலிருந்து நடத்துனர் கத்தினான். "வண்டியிலயே குடித்தனம் வைக்கப் போறியா?"

பக்கக் கண்ணாடியில், செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் பேருந்தைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், அந்தப் பெண் ஏறட்டும் என்று கதவைத் திறந்து வைத்தபடி, அவள் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.