சப்பாத்துக்கு அசையாத வால்வு

மகளின் முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து, இசைத்தட்டின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ப்ரீ-ஆம்புக்குள் ஒரு கண்ணாடி வால்வு கண்ணை மூடிவிட்டது!

சோதிலிங்கம் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; செத்தேவிட்டது. சண்டையால் வடக்குப் பாதை மூடிக் கிடக்க, யாழ்ப்பாண மேளக்காரர் வரவில்லை. நல்ல நாள் என்பதால் மாத்தளைக் கோஷ்டியும் வேறு வீட்டில். "மேளம் இல்லாட்டி என்ன? என்ரை செட்டிலை நாதஸ்வரத் தட்டுப் போடுறன்" என்று மார்தட்டியவர் அவரேதான்.

"தாலி கட்டேக்கை உங்கடை செட்டு வாய் திறக்காட்டி, நீங்கள்தான் நிண்டு ஊதோணும்," என்றாள் மனைவி இரஞ்சிதம்.

சோதிலிங்கத்தை ஏற்றிக்கொண்டு, மஹய்யாவப் பக்கத்து லெட்சுமணனின் த்ரீவீல் ஆட்டோ கண்டி டவுனுக்குப் பறந்தது.

ரேடியோக் கடைக்கார ஸக்கியா இரண்டு வால்வுகளை எடுத்து வைத்தாள். ஒன்று பளபளக்கும் பெட்டியில், புத்தம் புதியது. மற்றது கண்ணாடியில் எழுத்தெல்லாம் தேய்ந்த பழசு.

"எது நல்லது, தங்கச்சி?"

"ரெண்டும் வேல செய்யும், சேர். ஆனா சில வால்வு, ஆள் நடக்கிற சத்தத்தையும் சேத்துப் பாடும். உங்கட செட்டுல போட்டாத்தான் தெரியும். ரெண்டையும் கொண்டு போங்க. வேணாதத திருப்பித் தாங்க."

கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பினால், வழியில் சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி. ஒரு சிப்பாய் கைலேஞ்சியை அவிழ்த்தான். கண்ணாடி, உள்ளே கம்பிகள், அடியில் முள்முள்ளாய்க் கால்கள்.

"மே மொகத?" என்ன இது?

"ரேடியோ..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். யாழ்ப்பாண அடையாள அட்டை கையில், சென்றியில் நின்றுகொண்டு, சொல்லக்கூடிய சொல்லா அது? ஒற்றனின் வயர்லெஸ் என்று நினைத்துவிட்டால்?

"கெட்டுச்சு போங்க! பாட்டுப் பெட்டின்னு சொல்லக் கூடாதா, ஐயா?" என்று தலையில் கைவைத்த லெட்சுமணன், கல்யாணம், மேளம், தாலி என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினான். சிப்பாய் யோசித்தான். சகாவுக்குக் கைகாட்டிவிட்டு, தோளில் தொங்கிய துவக்கோடு சோதிலிங்கத்தின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். போய்ப் பார்த்துவிடுவோம்!

துவக்கைக் கண்டதும் கல்யாண வீடு கப்சிப். சோதிலிங்கம் புது வால்வைச் செருகினார். அது மெல்லச் சிவந்தது. சிப்பாய் கிட்ட வந்து பார்க்க, இராணுவச் சப்பாத்துக் காலால் ஓர் அடி வைத்தான்.

டொய்ங்ங்!

ஸ்பீக்கர் அலறியது. சிப்பாய் துள்ளிப் பின்வாங்கினான். பலகைத் தளம் அதிர்ந்தது. மறுபடி டொய்ங்ங்! உள்ளறையில் மணப்பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

சோதிலிங்கத்துக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. அணைத்தார், பழசை மாற்றினார், அது சிவக்கும்வரை காத்திருந்தார்.

"லெட்சுமணன், ஆளை இன்னொருக்கா நடக்கச் சொல்லு!"

சிப்பாய் பூனைபோல நடந்தான்.

"உப்பிடியில்லை, பலமாய்!"

இந்தத் தடவை அவன் அணிவகுப்பே நடத்தினான். ஜன்னல்கூட ஆடியது. ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை.

"இதுதான்! இதுதான் வால்வு!"

"முகூர்த்தம் போகுதப்பா!" என்று கத்தினாள் இரஞ்சிதம்.

ஊசி இறங்கியது. கெட்டிமேளம் வீட்டைத் தூக்கியது. தாலி ஏறியது. அட்சதை தூவிய கைகளில் சிப்பாயின் கையும் ஒன்று.

"உவருக்கு முதல்லை சாப்பாடு போடுங்கோ. செட்டுக்குச் சோதனை வைச்சவர்," என்றாள் இரஞ்சிதம்.

வயிறு நிறைந்த சிப்பாயை லெட்சுமணன் த்ரீவீலில் ஏற்றினான். ஸக்கியாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய புது வால்வு லெட்சுமணனின் சட்டைப் பையில்.

"சென்றியிலை கேட்டால் என்ன சொல்லுவாய்?" என்றார் சோதிலிங்கம்.

"பல்ப்புன்னு சொல்லிட்டுப் போறேன், ஐயா."

பின்சீட்டிலிருந்து, வாய் நிறைய லட்டோடு ஒரு குரல் சிரித்தது:

"ரேடியோ!"