ணவியனிக்கு எண் கேட்ட கடிதம்

மாலத்தீவின் தெற்கே ஃபுவம்முலா தீவு அலுவலகத்தில் அந்தக் கடிதம் எழுதப்பட்ட காலையில் மூன்று பேர் இருந்தார்கள். தீவுத் தலைவரான கத்தீபு மூஸா தீதி மேசைக்குப் பின்னால். எழுத்தர் ஸத்தார் கணினிக்கு முன்னால். மூன்றாவது நாற்காலி இல்லாததால், திரையிலிருந்து உதிர்ந்த வெற்றுக் கட்டங்களை அடுக்கி அவற்றின்மேல் கத்தீபின் மகள் ஸனீரா.

கட்டங்கள் உதிரத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. 'ண' ஒலிக்கான ணவியனி என்ற எழுத்தைத் தலைநகர் மாலேயில் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து வெகுகாலம். அங்குள்ளவர்களின் நாக்கு அதற்கு மடங்குவதில்லை, ஃபுவம்முலாவில் மடங்கும். கணினிக்கு எழுத்தின் முகம் தெரியாது, எண்தான் தெரியும். மற்ற எழுத்துகளுக்கெல்லாம் எண் கிடைத்தது, ணவியனிக்குக் கிடைக்கவில்லை. அதைத் தட்டும்போதெல்லாம் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெற்றுக் கட்டம் மேசைமேல் விழும். தேங்காய் மட்டையைவிட லேசு, உளிக்கு அசையாது. ஊரார் அவற்றால் கோழிக்கூடு கட்டினார்கள், சேம்பு வயலுக்கு வேலி போட்டார்கள். யாருக்கும் புகார் இல்லை.

சங்கடம் ஸனீராவுக்குத்தான். சரக்குக் கப்பலில் இருந்த கணவன் இல்யாஸுக்கு அவள் வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். கட்டங்கள் அங்கேயும் உதிர்ந்து அவன் படுக்கையை நிறைத்துவிட, எட்டு மாதம் நின்றுகொண்டே தூங்கினான். மாலே பேச்சில் எழுதிப் பார்த்தாள். "இது யார் போட்ட அரசாங்க அறிவிப்பு?" என்று பதில் வந்தது. பழைய பேச்சுக்கே திரும்பினாள். கட்டம் உதிர்வது நிற்கும்வரை வீட்டு அஞ்சலே கூடாது என்று கப்பல் தலைவர் தடை போட்டார். நாலு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

உலக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் சபைக்குக் கத்தீபு எழுதினார். பழைய ஏடு வேண்டாம், இன்றும் யாராவது இதை எழுதுவதற்குச் சான்றாகக் கைப்பட எழுதிய ஒரு தாள் போதும் என்று பதில் வந்தது. பள்ளியில் மாலே எழுத்தையே படித்த தீவில், அதைக் கையால் எழுதுகிறவள் ஸனீரா ஒருத்திதான். இல்யாஸுக்கு அனுப்பும் அஞ்சலைத் தட்டுவதற்கு முன் கையால் எழுதிப் பார்த்த தாள்களைக் கட்டி வைத்திருந்தாள்.

"ஆசையா எழுதினது ஒண்ணு குடு, புள்ள" என்றார் கத்தீபு.

"அதுல அந்த எழுத்து ரெண்டு எடத்துலதான் வருது. திட்டினதுல நாப்பத்தொண்ணு."

ஸத்தார் அந்தத் தாளை வாங்கி இரண்டு வரி படித்ததும் காது சிவந்தான். அக்கா முறைக்குத் தத்தா, அண்ணன் முறைக்குப் பேபே என்பது தீவு வழக்கம். "தத்தா, இத உலகமே படிக்கும்! இல்யாஸ் பேபே மானம் கப்பலேறிடும்."

"அது ஏற்கெனவே கப்பல்லதான இருக்கு. நீ முத்திர குத்துற வேலையப் பாரு."

"மருமகன 'அழுகின மீன் தலை'ன்னு எழுதியிருக்கியே" என்றார் கத்தீபு, எட்டிப் பார்த்து.

"நாலு மாசமா அவர அப்படிக் கூப்பிட ஆளில்ல. பாவம், எளச்சிருப்பாரு."

கத்தீபு மேற்கடிதத்தில் கையெழுத்திட்டார். ஸனீரா தாளை நாலாக மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். ஸத்தார் முத்திரை குத்தினான். கடற்கரையில் தோணிக்காரர் உறையை வாங்கிக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார்.

"என்னம்மா உள்ள? இப்படிச் சுடுது?"

"திட்டு."

"அப்ப மாலே போய்ச் சேர்றவரைக்கும் ஆறாது" என்று சொல்லி, மதியத்துக்கு வைத்திருந்த ரொஷி ரொட்டிப் பொட்டலத்தை அதன்மேல் வைத்துவிட்டு, அவர் கயிற்றை அவிழ்த்தார்.