ஹைதரின் இரண்டாவது சட்டை

தேத்தண்ணீரை மேசையில் வைத்தவனின் நெஞ்சைப் பார்த்ததும் அனுப்பிரியாவின் இடது கை தானாக மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

பச்சைச் சட்டை. பைக்கு மேலே மஞ்சள் நூலில் 'ஹைதர்' என்று தைத்திருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன், கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் போகும் சந்தில் இதே பச்சையும் இதே மஞ்சளும் இதே பெயரும் அவள் எதிரில் வந்து நின்றன. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். மேலே இரண்டு கண்கள், கீழே ஒரு பெயர். அவ்வளவுதான் பார்த்தாள். கைப்பையை விடாமல் இழுத்ததற்குக் கத்தி அவள் கையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் போனது. பதினாறு தையல். ஹைதருக்குப் பத்து வருடச் சிறையும் நான்கு பிரம்படியும்.

அவன் எப்படி இந்த பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் தேத்தண்ணீர் கொண்டுவருகிறான்?

"உங்களை வெளிய விட்டுட்டாங்களா?" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"யாரைக்கா?"

"ஹைதர்தானே நீங்க?"

அவன் குனிந்து சட்டையைப் பார்த்துச் சிரித்தான். "இல்லக்கா, நான் சாதிக். சட்டைதான் ஹைதர் அண்ணனோடது."

"அவர் சட்டையை நீங்க ஏன் போட்டிருக்கீங்க?"

"இங்க யாருதான் அவங்கவங்க சட்டையைப் போடுறா? எல்லாத்தையும் ஒரே மெஷின்ல போட்டு ஒரே கொடியில காயப்போடுவோம். விடியக்காலைல எது காஞ்சிருக்கோ அதை மாட்டிக்கிட்டு ஓடி வந்துருவோம். அந்தா கல்லுல ரொட்டி போடுறவரைப் பாருங்க. நெஞ்சுல கௌஸ்னு இருக்கா? அவரு பேரு முகமது யூசுப். கௌஸ் சொந்த ஊரு தொண்டிக்கே திரும்பிப் போயி ரெண்டு வருசம் ஆச்சு."

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் பாலன் சிரித்தான். "நல்ல கடைலா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வேற ஆளு வருவான் போல."

"அதுக்குத்தாண்ணே எல்லாரும் எங்களை பாஸுன்னு கூப்பிடுறாங்க."

அனுப்பிரியா சிரிக்கவில்லை. "ஹைதர் இப்ப எங்க?"

சாதிக்கின் முகம் மாறியது. "சுங்கை பூலோ ஜெயில்ல. நாங்க இதே முதலாளியோட கிள்ளான் கடையில இருந்தப்ப, யாரோ ஒரு அக்காகிட்ட பையைப் பறிச்சு கையைக் கிழிச்சிட்டாருன்னு கேஸு. அந்த நேரம் அவரு ரூம்ல தூங்கிக்கிட்டிருந்தாரு. பக்கத்துப் பாயில நான் படுத்திருந்தேன். ஆனா அந்த அக்கா இவருதான்னு சொல்லிடுச்சு."

"நீங்க போய்ச் சொல்லலையா?"

"எனக்கு அப்ப வேலை பெர்மிட் முடிஞ்சு போச்சுக்கா. வாயைத் திறக்காதன்னு முதலாளி சொல்லிட்டாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "போலீஸ் கொடியில கிடந்த சட்டையை எடுத்துக் காட்டி, இது உன்னுதான்னு கேட்டிருக்கு. அவரும் ஆமான்னுட்டாரு. அவர் பேரு போட்டிருந்தா அவருதுதானே? கோர்ட்லயும் அதையேதான் சொன்னாரு. அன்னைக்கு யாரு போட்டிருந்தான்னு யாருமே கேக்கல. ஆளுக்கு ரெண்டு சட்டை கொடுப்பாங்க. போலீஸ் எடுத்தது ஒன்னு. மிஞ்சினது இதுதான்."

இப்போது ஃபர்ஹானா என்றொரு வக்கீல் காசு வாங்காமல் மேல்முறையீட்டைப் பார்க்கிறார் என்றும், அவர் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி பூக்கடை மாடியில் இருக்கிறது என்றும் அவனே சொன்னான். அதற்குள் வேறு மேசையிலிருந்து யாரோ "பாஸ்" என்று கூப்பிட, ஓடிவிட்டான்.

காரில் ஏறியதும் பாலன்தான் முதலில் பேசினான். "நீ ஒன்னும் பொய் சொல்லல. பாத்ததைச் சொன்ன. அதோட விடு."

"நான் பேரைத்தான் பாத்தேன். ஆளைப் பாக்கலண்ணே."

"போலீஸ் ஸ்டேஷன்ல அடையாளம் காட்ட வரிசையா ஒன்பது பேரு நின்னாங்க. நீதானே கையைக் காட்டின?"

"அதுக்கு முன்னாடியே அவரை வராந்தாவுல பாத்துட்டேன். விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் வரிசையில விலங்கு போட்டு வந்த ஆளைத் தேடிக் கையைக் காட்டினேன். யாருகிட்டயும் இதைச் சொன்னதில்ல."

"கோர்ட்ல நூறு சதவீதம் இவருதான்னு சொன்னியே."

"நீங்கதானே வீட்ல சொன்னீங்க? தடுமாறாமச் சொல்லு, தடுமாறினா ஆளை விட்டுருவாங்கன்னு."

சிவப்பு விளக்கு பச்சையாகியும் பாலன் காரை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தான். வெகுதூரம் போய்ச் சொன்னான்: "இப்பப் போயி மாத்திச் சொன்னா உன்னைப் பிடிச்சு உள்ள வைப்பாங்க. அதையும் யோசி."

அவள் இரண்டு நாள் அதைத்தான் யோசித்தாள். மருந்துக்கடையில் வேலை. ஒரு பெட்டிக்குள் வேறு மருந்தை வைத்துவிட்டால், மேலே எழுதியிருப்பதை நம்பித்தான் நோயாளி விழுங்குவான் என்று புதிதாய் வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பூக்கடை மாடிப்படி ஏறினாள்.

ஃபர்ஹானா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உக்காருங்க. என்ன கேஸ்?"

"ஹைதர் கேஸ்."

"நீங்க அவருக்கு யாரு?"

"அந்த அக்கா நான்தான்."

ஃபர்ஹானா பொட்டலத்தை மூடினார்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் ஒளிக்காமல் பேசினார். "இதுதான் கடைசி அப்பீல். இன்னும் மூணு வாரம் இருக்கு. தள்ளுபடி ஆச்சுன்னா மிச்ச வருசத்தையும் உள்ளயே கழிக்கணும். நிறுத்தி வச்சிருக்கிற பிரம்படியும் விழும். நீங்க சத்தியப் பத்திரத்துல கையெழுத்துப் போடலாம். ஆனா மாத்திச் சொல்ற சாட்சியை நீதிபதிங்க லேசுல நம்ப மாட்டாங்க. உங்களைக் குடைஞ்சு எடுப்பாங்க. உங்க மேலயே கேஸ் வராதுன்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"தெரியும்."

"இன்னொன்னும் வேணும். சட்டையை மாத்திப் போடுற வழக்கம் அப்பவே இருந்துச்சுன்னு காட்டணும். முதலாளி எழுதித் தரமாட்டேங்கிறாரு. பசங்க பயப்படுறாங்க."

அனுப்பிரியா நேராக உணவகத்துக்குப் போனாள். மதியக் கூட்டம் குறைந்திருந்தது. சாதிக் இன்றைக்கு வேறு யாருடைய பெயரையோ மாட்டியிருந்தான். அவள் சட்டைக் கையை மேலே இழுத்துத் தழும்பைக் காட்டினாள். வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"திட்டணும்னா திட்டுங்க" என்றாள்.

"திட்டி என்னக்கா ஆகப்போகுது?" துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கைப்பேசியை எடுத்தான். "நோன்புப் பெருநாள் போட்டோ ஒன்னு இருக்கு. கிள்ளான் கடை வாசல்ல எடுத்தது. அந்தச் சம்பவத்துக்கு நாலு மாசம் முன்னாடி."

ஆறு பேர் பச்சைச் சட்டையில் தோள்மேல் கை போட்டு நின்றார்கள். அனுப்பிரியா படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு நெஞ்சாகப் பார்க்க, சாதிக் ஒவ்வொரு பெயராகச் சொன்னான். ஒருவர்கூடத் தன் பெயரை அணிந்திருக்கவில்லை. ஹைதரின் நெஞ்சில் கௌஸ் இருந்தது. 'ஹைதர்' ஓரத்தில் நின்ற நெட்டையான ஒருவன்மேல் இருந்தது.

"இவன் யாரு?"

"கொஞ்ச நாள் பாத்திரம் கழுவினான். அந்தச் சம்பவம் நடந்த வாரமே சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். ஆனா அவன்தான்னு நான் சொல்லமாட்டேன்க்கா. பாக்காததைச் சொல்லக்கூடாது."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் குத்தியது.

"முதலாளி உங்களை வேலையை விட்டு எடுத்துருவாரே?"

"ஊருக்கு அனுப்பினாப் போறேன். பக்கத்துப் பாயில படுத்திருந்தவன் நான். நாலு வருசமா எனக்கும் சரியாத் தூக்கம் இல்லக்கா."

மூன்று வாரம் கழித்து புத்ராஜெயாவில், மூன்று நீதிபதிகளுக்கு முன்னால் அனுப்பிரியா நின்றாள். சாதிக்கின் படமும் அவன் எழுதித் தந்த சத்தியப் பத்திரமும் அவர்கள் மேசைமேல் இருந்தன. பின் வரிசையில் பாலன். வரமாட்டேன் என்று காலைவரை சொல்லிக்கொண்டிருந்தவன், லோரி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவனே காரை ஓட்டிவந்தான்.

அரசு வக்கீல் பாதி நேரம் படத்தைப் பற்றியும் பாதி நேரம் அவளைப் பற்றியும் கேட்டார். யாராவது பணம் கொடுத்தார்களா? மிரட்டினார்களா? கடைசியில் கேட்டார்: "அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?"

"ரெண்டும் பொய் இல்லைங்க. அன்னைக்கு எனக்குத் தெரியாததைத் தெரியும்னு சொன்னேன். இன்னைக்குத் தெரியாதுன்னு சொல்றேன்."

நடுவிலிருந்த நீதிபதி நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

மதியத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. அடையாளம் காட்டியதை நம்ப முடியாது, சட்டை யார் மேலிருந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை, தண்டனை ரத்து. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. அனுப்பிரியாமீது வழக்குப் போடுவது பற்றி யாரும் பேசவில்லை. ஹைதர் தலையைக் குனிந்தபடியே நின்றார். ஃபர்ஹானா அருகே போய்த் தமிழில் சொன்ன பிறகுதான் அவர் தோள்கள் குலுங்கின.

வராந்தாவில் அவள் காத்திருந்தாள். ஹைதர் வந்தார். இந்த முறை விலங்கு இல்லை. பெர்மிட் காலாவதியானதால் குடிநுழைவு அலுவலகத்தில் கையெழுத்து வேலைகள் இருந்தன. அது முடிந்ததும் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். கைதான அன்று போட்டிருந்த பனியனும் கைலியும் ஒரு பிளாஸ்டிக் பையில் கையில் இருந்தன.

மூன்று வாரமாகச் சேர்த்துவைத்த மன்னிப்பைச் சொல்ல அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். ஹைதர்தான் முதலில் பேசினார்.

"கை ஆறிடுச்சா தங்கச்சி? அன்னைக்கு ஸ்டேஷன்ல அடையாளம் காட்ட வந்தப்ப கட்டுப் போட்டிருந்தீங்க. ரொம்பப் பெரிய கட்டு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது.

பாலன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஊருக்குப் போறப்ப போட்டுக்க சட்டை வேணும்லா. கீழ கடை இருக்கு, வாங்கிட்டு வரேன். என்ன சைஸ் தம்பி?"

ஹைதர் லேசாகச் சிரித்தார். "எதுனாலும் சரிண்ணே. கைக்கு வந்ததைப் போட்டுப் பழகினவங்கதானே நாங்க."

"வேணாம்" என்றாள் அனுப்பிரியா. அன்றைக்கு முழுவதும் அவள் குரல் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. "உங்க அளவு என்னன்னு சொல்லுங்க."

ஹைதர் யோசித்தார். தன் தோளைத் தொட்டுப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். நான்கு வருடத்தில் உடம்பு எவ்வளவோ இளைத்திருந்தது.

"தெரியலையே" என்றார்.

"சரி, வாங்க" என்றாள். "போட்டுப் பாத்தே வாங்கலாம்."