பிறந்தவர்கள் வரிசை

அந்த ஊரில் எது முதன்முதலாக நடந்தாலும் தொடங்கி வைக்கிற கை ஒன்றுதான். முதல் தெருவிளக்கை ஏற்றியது அந்தக் கை. முதல் குடிநீர்க் குழாயைத் திறந்து, முன்னால் நின்ற பெரிய மனிதர்களைத் தொப்பலாக நனைத்ததும் அதே கைதான். முதல் ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டச் சொன்னார்கள். ரயில் போய்க் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் கொடியை இறக்கவில்லை. கயிற்றுக்கடை நடத்தும் அந்த அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் 'தலைச்சன்'. கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்களுக்கு இந்தக் கரையில் பிறந்த முதல் குழந்தை. அந்த மிடுக்கு ஐம்பது வயதிலும் ஒரு துளி குறையவில்லை. குறைவதாவது! கடையில் யாராவது பேரம் பேசினால், "யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியுதா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவள் புருஷன் படகுத் தச்சர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். முதல் படகுத்துறைக்குத் தூண் செதுக்கியவர், முதல் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு அடித்தவர். ஆனால் விழா என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு உட்கார இடம் கிடையாது. மேடைக்கு இடப்பக்கம் 'வந்தவர்கள்' வரிசை, வலப்பக்கம் 'பிறந்தவர்கள்' வரிசை. அது அந்த ஊர் வழக்கம். முதல் கப்பல் நங்கூரம் போட்டதுமே தச்சரின் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஜனங்கள் கரையேறுவதற்குள் அவர் கப்பலிலேயே பிறந்துவிட்டார். வந்தவர்கள் பக்கம் போனால், "நீ எங்கப்பா வந்தே? உன்னைச் சுமந்துக்கிட்டுல்ல வந்தாங்க" என்பார்கள். பிறந்தவர்கள் பக்கம் போனால், "உன்னைக் கடல்ல பெத்தாங்க, இங்க என்ன வேலை?" என்பார்கள். சின்ன வயதில் விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு எப்போது சட்டமானது என்று ஒருவருக்கும் தெரியாது. தச்சர் பேசாமல் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொள்வார். பெண்டாட்டியும் சும்மா இருந்தாளா? "எங்க வீட்டுக்காரருக்கு மீனுங்கதான் சொந்தக்காரங்க" என்று ஊர் சிரிக்கச் சொன்னவள் அவள்தான்.

இப்போது ஊருக்கு நகராட்சிக் கட்டடம் எழும்பியிருந்தது. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், தூணும் மாடமுமாகப் பார்ப்பவர் வாய் பிளக்கும்படி நின்றது. அங்கே கடலில் முதல் கூடை மண்ணைக் கொட்டியவளும் தலைச்சன்தான், கேட்கவா வேண்டும்! வாசல் கல்லில் அவள் பெயரை வெட்டி, அதன் கீழே 'இவ்வூரில் பிறந்த முதல் குழந்தை' என்றும் வெட்டியிருந்தார்கள். திறப்புவிழாவுக்கு முந்தின நாள் அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டிய மேஸ்திரி சத்தம் போட்டார்.

"அம்மா, இங்க வந்து பாருங்க. ஏதோ இரும்பு!"

தோண்டத் தோண்ட வந்தது ஒரு நங்கூரம். ஒரு பக்கத்துக் கொக்கி முறிந்திருந்தது. சங்கிலியின் நுனி அறுபட்டிருந்தது.

தலைச்சனுக்கு மாமியார் பேச்சு நினைவுக்கு வந்தது. அவள் வாயை அடைக்கத் தெரிந்த ஒரே ஆள், செத்துப்போன அந்தக் கிழவிதான். இவள் பெருமை பீற்றும்போதெல்லாம் கிழவி சொல்வாள்: "போதும்டி. ஒத்தைக் கொக்கி நங்கூரத்தை நம்பி நின்ன கப்பல்ல உன் புருஷனைப் பெத்தவ நான். கிளம்பறப்போ அது அடியில சிக்கிக்கிச்சு, சங்கிலியை அறுத்துவிட்டுட்டுப் போனாங்க. அதையெல்லாம் பார்த்த எங்கிட்டயா உன் ஜம்பம்?"

உள்ளே வாசல் கதவைப் பொருத்திக்கொண்டிருந்த தச்சர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். குனிந்து முறிந்த கொக்கியைக் கட்டைவிரலால் துடைத்தார். பெண்டாட்டியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"பழைய இரும்பு. ஓரமா போடுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கதவுக்கே திரும்பிப் போனார்.

அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

"உங்கம்மா சொன்ன நங்கூரம்னு தெரிஞ்சும் ஏங்க வாயை மூடிக்கிட்டு வந்தீங்க?"

"கல்லுல வெட்டியாச்சேம்மா."

"வெட்டினா?"

"அந்தப் பேர் உனக்கு எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் பின்னாடி நின்னே பழகினவன். எனக்குக் கால் வலிக்காது" என்றார் தச்சர். சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார்.

அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தலைச்சன் இல்லையென்றால் அவள் யார்? கயிறு விற்கிற ஒரு பொம்பிளை. நாளைக்குப் பேரம் பேசுகிறவனிடம் என்ன சொல்வாள்? வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவளைப் போட்டு அரித்தது.

மறுநாள் முற்றத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நகராட்சித் தலைவர் கத்திரிக்கோலை நீட்டினார். தலைச்சன் வாங்கினாள். ரிப்பன் பக்கம் போகாமல் நேரே பின்சுவருக்கு நடந்தாள். தச்சரின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று முன்னால் இழுத்து வந்தாள்.

"இந்த ஊர்ல மொத பொறந்தது நான் இல்ல, இவரு" என்றாள். நங்கூரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். "இவர் பொறந்த கப்பல் நின்னது இந்த இடத்துலதான்."

தலைவர் நெளிந்தார். "அப்போ இது கடலுங்களேம்மா..."

"இப்போ நீங்க எதுல நிக்கிறீங்க? நீந்திக்கிட்டா இருக்கீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இங்க மொத கூடை மண்ணைக் கொட்டினவ நான். இது ஊருதான்னு நான் சொல்றேன். ஊருன்னா இவர் ஊர்ல பொறந்தவரு. இல்ல, கடல்தான்னா இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கடல்லயா கட்டி வெச்சிருக்கீங்க? அந்தக் கல்லைத் திருப்பிப்போட்டு அந்தப் பக்கத்துல வேற வெட்டுங்க!"

முதலில் கை தட்டியது மேஸ்திரி. அப்புறம் வந்தவர்கள் தட்டினார்கள், பிறந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தலைச்சன் கத்திரிக்கோலைத் தச்சர் கையில் திணித்தாள். அவர் ரிப்பனை நேராக வெட்டினார். அவரே செய்த கதவு சத்தமில்லாமல் திறந்தது. இந்த மனுஷன் என் புருஷன் என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது. ரயிலுக்குக் கொடி காட்டியபோதுகூட அப்படி இருந்ததில்லை.

வெட்டி முடித்ததும் அவர் கால் பழக்கதோஷத்தில் பின்சுவரைப் பார்த்து நடந்தது. அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? தலைச்சன் உட்காரற இடம் இது."

பிறந்தவர்கள் வரிசையின் முதல் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அடுத்த நாற்காலிக்காரரை நகரச் சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார். தச்சர் முழங்காலை மெதுவாக நீவிக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, கால் ரொம்ப வலிச்சிருக்கு. உட்கார்ந்த பிறகுதான் தெரியுது."