கிளட்ச் இல்லாத வண்டி

வண்டிகள் இரண்டும் வந்து நின்றபோது வாசலில் இருந்தவர்கள்: முகைதீன் பிச்சை, வெள்ளைக் கைலியும் முழுக்கைச் சட்டையுமாக, பெருநாளுக்குக் கிளம்பியவர் மாதிரி; அவர் மனைவி பத்ருன்னிசா, கதவுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி; அவளுடைய தம்பி ஜெகபர் சாதிக், யாரும் கூப்பிடாமல் வந்தவர்; தரகர் சோமு; சோமுவோடு இரண்டாவது வண்டியை ஓட்டி வந்த ஆள், வந்ததும் எதிர்வீட்டு நிழலில் போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டவன்; கடைசியாக அஸ்கர். வீட்டின் ஒரே மகன், இருபத்தாறு வயது, வேலை இல்லாதவன், ஆகவே அந்த வீட்டின் டிரைவர்.

இரண்டும் ஒரே ஜெர்மன் கம்பெனி, ஒரே வருடத்து வண்டிகள். வெள்ளி நிறத்தது கியர் வண்டி. கறுப்பு, ஆட்டோமேட்டிக். இரண்டுக்கும் காரைக்கால் நம்பர். வரி குறைவு என்பதற்காக இந்த ஊர் முகவரியில் பதிவு செய்து, சென்னையிலேயே ஓடிக் களைத்த வண்டிகள். சொந்த ஊரை அவை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கின்றன என்று அஸ்கர் நினைத்துக்கொண்டான். பார்த்து ஒன்றும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. போன தையில் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

"ரெண்டும் ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க பாய்," என்றார் சோமு. "ஒன்னு கியரு, ஒன்னு ஆட்டோமேட்டிக். வேற வித்தியாசமே கெடையாது. கண்ணை மூடிக்கிட்டு எதை வேணா எடுங்க."

"கண்ணை மூடிக்கிட்டா?" என்றார் ஜெகபர் சாதிக். "மச்சான், கியர் போடாத வண்டி என்ன வண்டி? சந்தனக்கூடு திருவிழா ராட்டினத்துல ஒக்காந்த மாதிரி. அவன் சுத்துவான், நீங்க சுத்துவீங்க. நாளைக்கு அந்தக் கியர் பொட்டி ரிப்பேராச்சுன்னா இந்த ஊர்ல எவன் பாப்பான்? அப்படியே கடல்ல தள்ள வேண்டியதுதான்."

"நீ என்னைக்கு வண்டி ஓட்டினே?" என்றார் முகைதீன் பிச்சை.

"குவைத்துல ஏழு வருஷம் இருந்தேன்ல?"

"இருந்தே. பின்சீட்டுல."

சோமு சத்தம் வராமல் சிரித்தார். ஜெகபர் சாதிக் அக்காளைப் பார்த்தார். பத்ருன்னிசா கதவின் பின்னாலிருந்து, "அவன் சொல்றதுல என்ன தப்பு? கியரு வண்டியே எடுங்க. புள்ளை ஓட்டிட்டுப் போறான்," என்றாள்.

அஸ்கர் வெள்ளி நிற வண்டியின் கண்ணாடி வழியாகக் குனிந்து, மூன்று பெடல்களைப் பார்த்தான். கறுப்பு வண்டியில் இரண்டு.

முகைதீன் பிச்சை ரியாத்தில் ஓர் அரபி வீட்டில் இருபது வருடம் டிரைவராக இருந்தவர். அங்கே எல்லாமே இது போன்ற பெரிய வண்டிகள், எல்லாமே ஆட்டோமேட்டிக். ஊருக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டு, நாலு பேர் முதலாளி என்று கூப்பிடும் அளவுக்கு வந்த பிறகும், அந்த வண்டியின் வாசனை அவரை விடவில்லை. ஒருமுறையாவது தன் பெயரில் எழுதிய வண்டியை ஓட்டிவிட வேண்டும். அதற்குள் சர்க்கரை வந்துவிட்டது. மூன்று வருடம் முன்னால் இடது செருப்பில் ஓர் ஆணி ஏறி, அது தெரியாமலேயே பகல் முழுக்கக் கடைத்தெருவில் நடந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துப் பத்ருன்னிசாதான் கத்தினாள். தஞ்சாவூரில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் இடது காலுக்குக் கிளட்சை மிதிக்கும் பலமில்லை. மிதித்தாலும் எவ்வளவு மிதித்தோம் என்று தெரிவதில்லை.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்து மிதித்து, "டேய் பன்னாடை, லாரி வருது" என்று திருநள்ளாறு போகும்வரை கத்தினால் எவன் இருப்பான்? ஒருவன் வழியிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு வரிச்சிக்குடியில் பஸ் ஏறினான். ஆகவே, சென்னையில் ராத்திரி வேலையை விட்டுவிட்டு அஸ்கர் வந்து இறங்கியதை வீடு அல்லா தந்த ஒரு பரக்கத்தாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காக்காரர்களின் கிரெடிட் கார்டுப் புகார்களை ஆஸ்கார் என்ற பெயரில் விடிய விடியக் கேட்டவன், இங்கே பழைய மாருதி வேனில் வாப்பாவைக் கடைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனான். ராத்திரியில் தூக்கம் வரவில்லை. பகலில் விழிப்பு வரவில்லை. இப்போது சார்ஜாவிலிருந்து பெரியம்மா மகன் விசா அனுப்பியிருக்கிறான். மாதக் கடைசிக்குள் போக வேண்டும். "நீ போயிட்டா வாப்பாவை யார் பாக்குறது?" என்று உம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அது போதுமானதாக இருந்தது.

ஆட்டோமேட்டிக் வந்தால் வாப்பா தானே ஓட்டிக்கொள்வார், அவன் போகலாம். கியர் வண்டி வந்தால் அந்த வண்டிக்குக் கிளட்ச் அவன்தான்.

"வாப்பா, கறுப்பை ஓட்டிப் பாருங்க," என்றான். தன் குரல் கொஞ்சம் அவசரமாக ஒலித்ததை அவனே கேட்டான்.

முகைதீன் பிச்சை செருப்பை வாசல் கேட் ஓரம் கழற்றிவிட்டு ஏறினார். பல கை மாறிய வண்டிதான். ஆனால் வீட்டுக்குப் புதுசு. புது வண்டிக்குள் செருப்போடு ஏறும் வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. அவரைப் பார்த்து அஸ்கரும் கழற்றினான். விற்க வந்த சோமுவும், "அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றிப் போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். வெள்ளி வண்டியும் மாமாவும் வாசலிலேயே இருந்தார்கள்.

வாப்பா இடது காலை மடக்கி ஓரமாக வைத்துக்கொண்டார், வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்கார வைப்பது போல. பிறகு வண்டி நகர்ந்தது. கடைத்தெரு, அரசலாறு பாலம், திருமலைராயன்பட்டினம் எல்லாம் எந்த உலுக்கலும் இல்லாமல் பின்னால் போயின. அஸ்கர் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. யாரையும் திட்டவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலில். குறுக்கே வந்த ஆட்டுக்குக்கூட நின்று வழிவிட்டார்.

"பாய் ஓட்டுறதைப் பாத்தா வண்டி அவர்கூடவே பொறந்த மாதிரி இருக்கு," என்றார் சோமு.

"ரியாத்துலேருந்து தம்மாம் வரைக்கும் ஒரே மிதி. அரபி பின்னால தூங்கிடுவான். எறங்கும்போதுதான் எழுந்திருப்பான்."

கீழவாஞ்சூரை நெருங்கும்போது துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய லாரிகள் தொடர்ச்சியாக வந்தன. முன்னால் போன ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. வாப்பா சட்டென்று தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் பிரேக் விழுந்தது. வண்டி லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பெல்ட் அஸ்கரின் நெஞ்சை அறுத்தது.

"என்ன வாப்பா, கீழ பாத்தீங்க?"

"புது வண்டிடா. பெடல் எங்க இருக்குன்னு பாக்க வேணாமா?"

சரிதான் என்று அவனும் நினைத்தான். நினைக்க விரும்பினான்.

கொஞ்சம் தள்ளி, ஓரமாக நிறுத்தி, எஞ்சின் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார் வாப்பா. மூவரும் இறங்கினார்கள். சித்திரை மாதத்து உச்சி வெயில். நிலக்கரித் தூள் படிந்த தார் ரோடு கருகருவென்று பளபளத்தது. காலை வைத்த உடனே சோமு, "ஐயோ அம்மா" என்று துள்ளினார். ஒரு காலில் நின்று, அடுத்த காலில் நின்று, கடைசியில் கருவேலஞ்செடி நிழலை நோக்கிக் குதித்துக் குதித்து ஓடினார். அஸ்கரும் ஓடினான். நிழலில் முள் இருந்தது. முள் பரவாயில்லை என்று இருந்தது. உள்ளங்காலை மாற்றி மாற்றிக் கணுக்காலில் தேய்த்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

வாப்பா தாரில் நின்றுகொண்டிருந்தார். பானட்டைத் திறந்து, ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காலும் ஊன்றி.

"வாப்பா, இந்தப் பக்கம் வாங்க. சுடுதுல்ல?"

அவர் திரும்பி இவர்கள் நிற்கும் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா ரெண்டு பேரும் பரதநாட்டியம் ஆடுறீங்க? இது ஒரு சூடா? சவூதி மணல்ல நடந்த காலுடா இது."

"பாய் இரும்பு," என்றார் சோமு.

அஸ்கர் சிரிக்கவில்லை. இடது கால் செத்துப்போனது எல்லோருக்கும் தெரியும். அது சுடாமல் நிற்பதில் ஆச்சரியமில்லை. அவன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒரு தடவைகூட விரலைத் தூக்கவில்லை. குதிகாலை நகர்த்தவில்லை. வேறொருவருடைய கால் மாதிரி, தார் இளகிய இடத்தில், அப்படியே இருந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஊருக்கு வந்த புதிதில் வாப்பாவைக் காட்டப் போனபோது தஞ்சாவூர் டாக்டர், "இது ஒரு காலோட நிக்காதுங்க, தினமும் ரெண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்க" என்று சொன்னது அவனிடம்தான். முதல் மாதம் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

ஆட்டோமேட்டிக்குக்கு இடது கால் தேவையில்லை. வலது கால் மட்டும் போதும்.

வரும்போது தானே ஓட்டுவதாகச் சொல்லலாமா என்று நினைத்தான். சொல்லவில்லை. வழியெல்லாம் வாப்பாவின் கண்களையே கவனித்தான். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் அந்தக் கண்கள் ஒரு நொடி கீழே போய் வந்தன. சும்மா ஒரு நொடி. ஆடு குறுக்கே வந்தபோதும் போயிருக்கும். அப்போது இவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா மதிய லுஹர் தொழுகைக்கு ஒளு செய்யக் கொல்லைக் குழாய்க்குப் போனார். பின்னாலேயே துண்டோடு அஸ்கர் போனான். அவர் முக்காலியில் உட்கார்ந்து, கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, வலது காலைத் தூக்கிக் குழாயடியில் வைத்தார். உள்ளங்காலில் முன்பக்கம் ஒரு கொப்புளம், நாலணாக் காசைவிடப் பெரிசு, ஓரம் வெளுத்து. சுண்டு விரலை ஒவ்வொரு கால்விரல் இடுக்கிலும் விட்டு, நபிவழிச் சுன்னத்துப்படி நிதானமாகத் தேய்த்தார். உள்ளங்கை கொப்புளத்தின் மேல் போனது. அது உடைந்து நீர் வழிந்து குழாய்த் தண்ணீரோடு போயிற்று. அவர் உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

"வாப்பா..."

"என்னடா?"

அஸ்கர் துண்டை ஒரு தடவை மடித்தான். நாக்கு வரைக்கும் வந்த வார்த்தை இன்னும் ஒரு படி ஏறினால் போதும். ஏறினால் வெள்ளி நிற வண்டி இந்த வீட்டில் நிற்கும். அதற்குள் அவன் இருப்பான். வலது பக்கம், ஸ்டியரிங்குக்குப் பின்னால், இன்னும் இருபது வருடம்.

"ஒன்னுமில்ல. துண்டு."

வாசலில் பத்ருன்னிசா அவனைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லு. நீ கூடப் போனியே, எப்படி ஓட்டினாரு? உன் மாமன் சொல்றதைக் கேட்டா எனக்குப் பயமா இருக்கு. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம். நான் அவருகிட்ட சண்டை போட்டுக்கறேன்."

"நல்லாத்தான் ஓட்டினாங்க உம்மா."

"சத்தியமா?"

"நல்லாத்தான் ஓட்டினாங்கங்கறேன்ல."

அவள் பிறகு தம்பியிடம், "நீ வீட்டுக்குப் போ. புள்ளை பாத்துட்டு வந்திருக்கான்," என்றாள். ஜெகபர் சாதிக் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெள்ளி நிற வண்டியைப் பீடிக்காரன் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான். முன்பணத்தை வாங்கிக்கொண்டு சோமு அதில் தொற்றிக்கொண்டார். கறுப்பு வண்டி வாசலிலேயே நின்றுவிட்டது.

பகல் சோற்றைப் பாதியில் விட்டு அஸ்கர் மாடிக்குப் போய்ப் படுத்தான், எழுந்தான், பெட்டியைத் திறந்து மூடினான். கொப்புளத்துக்கு மருந்து போட வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் மருந்து என்றால் எப்படி வந்தது என்று வரும்; தார் என்று வரும்; சுடவில்லையா என்று வரும். போன பிறகு சார்ஜாவிலிருந்து போனில் சொல்லிக்கொள்ளலாம். அதைவிடக் கேவலமான ஒரு யோசனை அவனுக்கு இதுவரை வந்ததில்லை. ஆனாலும் அதையே திரும்பத் திரும்ப யோசித்தான்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கீழே வந்தபோது வாப்பா வண்டியில் உட்கார்ந்திருந்தார். உம்மா கறுப்பு புர்காவில், கையில் பூவும் சர்க்கரைப் பொட்டலமும்.

"நாகூர் தர்காவுக்குப் போய் ஒரு துஆ செஞ்சுட்டு வந்துடுறோம்," என்றாள். "புதுசா எடுத்திருக்கு. நீயும் வாயேன்."

"அவன் எதுக்கு?" என்றார் வாப்பா உள்ளிருந்து. "இனிமே நமக்கு அவன் தேவையில்லை. டேய், நீ சார்ஜா போற வேலையைப் பாரு. உன் பெரியம்மா மகன்கிட்ட போன் பண்ணி டிக்கெட் போடச் சொல்லு. உன்னைப் புடிச்சு வச்சுக்கிட்டேன்னு எவனும் பேசக் கூடாது." சொல்லிவிட்டு எதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காதோரம் சிவந்திருந்தது.

அஸ்கர் வண்டியைச் சுற்றி வந்தான். உம்மா முன்சீட்டில் ஏறி, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கையை அங்குமிங்கும் வைத்துப் பார்த்தாள். அவன் குனிந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். மாட்டும்போது, வாப்பாவுக்குக் கேட்காத குரலில், "பயமில்லல்ல?" என்று அவளே அவனிடம் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்றும் இருக்கலாம்.

கதவை அவன்தான் சாத்தினான். கனமான கதவு; உள்ளே இருந்த காற்றை அமுக்கிக்கொண்டு மூடியது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உம்மாவின் முகம் தெரியவில்லை. உள்ளங்கை மட்டும் வெளுப்பாகக் கண்ணாடியில் வந்து ஒட்டியது. போய்வருகிறேன் என்கிறாளா, கொஞ்சம் திற என்கிறாளா என்று புரியவில்லை. அவன் கைப்பிடியைப் பிடித்தான். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கைப்பிடி விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போனது. தெருவில் நாலு வீடு தள்ளிப் போவதற்குள், எந்தக் கையும் படாமல், கதவுகள் டக்கென்று தாமாகப் பூட்டிக்கொண்டன.