இடதுகைக் கட்டு

பட்டறைக்காரர் யாரையும் லேசில் நம்ப மாட்டார். பழம்பொருள் வாங்கி விற்கும் அந்த ஆளை அறவே நம்பவில்லை. அவன் சாக்கைப் பிரித்துத் துப்பாக்கியை மேசைமேல் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"பழைய போர்க்களத்துல தோண்டி எடுத்தது அண்ணே. துருவைப் போக்கி, இந்த விரிசல் விட்ட கட்டையை மாத்திக் குடுங்க. தளபதியோட துப்பாக்கின்னு காகிதம் போட்டு விக்கப் போறேன்."

"தளபதி உன் கனவுல வந்து சொன்னானா?"

ஆள் இளித்தான்.

பட்டறைக்காரர் துப்பாக்கியின் பின்கட்டையைத் திருப்பினார். விரிசலின்மேல் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. முனை உள்ளே செருகி மறைந்திருந்தது. சுற்று மட்டும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம். மேசையில் கிடந்த சுத்தியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதன் பிடியிலும் அதே கட்டு. தம்பி போட்டது. இடதுகைக்காரன். "எல்லாரும் ஒரு பக்கம் சுத்துனா நீ ஒரு பக்கம் சுத்து" என்று எத்தனை தரம் திட்டியிருப்பார்!

தம்பி படையை விட்டு ஓடிவிட்டான் என்று படையிலிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து வீட்டில் அவன் பேரை யாரும் எடுப்பதில்லை. தெருவில் அவன் மனைவிக்கு 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்றே பேராகிவிட்டது. அவள் பின்வாசல் வழியாகவே போய்வந்தாள்.

"எங்க கெடந்துச்சு?"

"முன்வரிசைப் பள்ளத்துல. அங்க நின்னவங்க ஒருத்தரும் திரும்பலயாம்."

"வேற எவனாவது இதைத் தூக்கிட்டுப் போயிருப்பான்."

"கூடவே எலும்பு இருந்துச்சுண்ணே. அங்கேயே புதைச்சிட்டோம். கட்டை இடது தோள்ல அணைச்சபடியே கெடந்துச்சு."

பட்டறைக்காரர் எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித் தோட்டா அறையைத் திறந்தார். ஒரு தோட்டாகூட மிச்சமில்லை. உள்ளே திரும்பித் தம்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"அம்மா, இங்க வா. முன்பக்கமா வா."

அவள் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். சுத்தியலைப் பார்த்தாள், துப்பாக்கியைப் பார்த்தாள். கம்பியின் முனை செருகியிருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"ஓடலம்மா அவன்" என்றார். "கடைசி வரைக்கும் சுட்டிருக்கான்."

"அண்ணே, அந்தக் கம்பியை எடுத்துட்டு..."

"தொட்டா கையை ஒடிச்சிடுவேன். தளபதியாம்! காகிதத்துல என் தம்பி பேரைப் போடு."

ஆள் பேனாவை எடுத்தான். "பேரு?"

பட்டறைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள்தான் சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி.