கூரை என்றால் நிற்க வேண்டும்

நெட்டை தோற்க வேண்டும். அந்த வருடம் எனக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். கோப்பையை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகட்டும். அவள் தோற்று, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாஸ்டர் முன்னால் நிற்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். கேட்க நன்றாக இல்லைதான். மனதில் இருந்ததைச் சொல்கிறேன்.

நெட்டை எங்கள் கல்லூரி வாலிபால் அணியில் இரண்டு வருடம் அடித்து ஆடியவள். நான் செட்டர். அதாவது, அடிப்பவளுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. அதை அடித்துப் பெயர் வாங்குவது அவள் வேலை. மாஸ்டர் எங்களுக்கு விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். மூன்றாம் வருடத்தின் முதல் திங்கட்கிழமை இரண்டு பேரையும் காணோம். மாஸ்டர் பெரிய கல்லூரிக்கு வேலை மாறிப் போய்விட்டார், போகிற போக்கில் நெட்டையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார் என்று ஆபீஸ் கிளார்க் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தின சனிக்கிழமைகூட என்னோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவள், வாயைத் திறக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு ஜோடி முழங்கால் உறைதான் இருந்தது. இடது எனக்கு, வலது அவளுக்கு. அவளுடையதை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தாள். அங்கே புதுசு கொடுப்பார்கள், இந்தக் கந்தல் எதற்கு என்று விட்டிருப்பாள். அதையும் நானே எடுத்து என் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

மாஸ்டர் ஒரு வாரம் கழித்து ஏதோ கையெழுத்து வாங்க வந்தார். வெட்கத்தை விட்டு நானே போய்க் கேட்டேன்.

“என்னையும் கூப்பிட்டிருக்கலாமே சார்?”

“செட்டருக்கு உயரம் வேணும். இல்லன்னா கையாவது வேணும். உனக்கு ரெண்டுமே இல்லம்மா” என்றார். அந்த ‘அம்மா’வைப் பாசமாகச் சொன்னார். அதுதான் அதிகமாகக் குத்தியது.

இந்த இடத்தில் எங்கள் கொட்டகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு மைதானம் கிடையாது. உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து, கோடு போட்டு, வலை கட்டிக்கொண்டோம். கூரை தாழ்வு. குறுக்கே ஓர் இரும்பு உத்தரம். பந்து கொஞ்சம் ஏறினால் உத்தரத்தில் மோதும். மோதினால் துரு கொட்டும். ஒருமுறை துரு விழுந்து எங்களில் ஒருத்தி கண்ணில் கட்டோடு பரீட்சை எழுதினாள். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம். பந்து மேலே மோதப் போகிறது என்று தெரிந்தால் யாராவது “கூரை!” என்று கத்த வேண்டும். கத்தினால் எல்லோரும் கையைக் கீழே போட்டு, கண்ணை மூடி, குனிந்து நின்றுவிட வேண்டும். விதிப்புத்தகத்தில் இப்படி எதுவும் இல்லை. எங்கள் கண் எங்களுக்கு முக்கியம்.

அதிகமாகக் கத்துவது குட்டி. பின்வரிசையில் நின்று, எதிரணி அடிக்கும் பந்தைத் தரையில் விழாமல் எடுப்பவள். உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே போகிற பந்துக்கும் கத்திவிடுவாள். “பொய்க் கூரை கத்தாதடி” என்று நெட்டை அவள் தலையில் தட்டுவாள். நான் மட்டும் ஒருநாளும் கத்தியதில்லை. பந்தை மேலே ஏற்றிவிட்ட கை முக்கால்வாசி நேரம் என்னுடையது. என்னை நானே எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்?

மாஸ்டர் போன பிறகு அணியை லைப்ரரி மேடம் தலையில் கட்டினார்கள். மேடத்துக்குப் பந்து உருண்டை என்பது வரை தெரியும். வந்த முதல் நாளே விதிப்புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்து, “எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனா கவனிக்கத் தெரியும். சத்தம் போடாம ஆடுங்க” என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் சீட்டுக் குலுக்கியபோது எங்களுக்கு முதல் ஆட்டமே பெரிய கல்லூரியோடு விழுந்தது. மற்றவர்கள் முகம் செத்துவிட்டது. நான் வீட்டுக்குப் போய் இரண்டு முழங்கால் உறைகளையும் துவைத்துக் காயப்போட்டேன்.

ஆட்டம் பெரிய உள்ளரங்கில். கூரை நான்கு மாடி உயரத்தில் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. பெரிய கல்லூரிப் பெண்கள் ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி ஷூ, ஒரே மாதிரி கொண்டையோடு வந்தார்கள். எங்களைப் பார்த்து ஒருத்தி, “இவங்க யாரு, ஸ்கூல் டீமா?” என்று கேட்டாள். காதில் விழ வேண்டும் என்றே கேட்டாள். நெட்டை என்னைப் பார்த்தாள். பார்வை என் வலது முழங்காலுக்கு இறங்கியது. பிறகு திரும்பி ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறுதான் அது.

முதல் செட்டில் எங்களைப் பந்தாடினார்கள். தப்பு என்னுடையது. இவ்வளவு உயரம் கிடைத்திருக்கிறதே என்று நானும் அவர்களைப் போலப் பந்தை ஏற்றி ஏற்றிக் கொடுத்தேன். அது கீழே இறங்கி வருவதற்குள் அவர்கள் மூன்று பேர் சாவகாசமாக வந்து வலைக்கு மேல் கையை நீட்டிச் சுவர் கட்டிவிட்டார்கள். எங்கள் பெண்களுக்கோ மேலிருந்து வரும் பந்தை அடித்துப் பழக்கமே இல்லை.

இது போதாதென்று ஒரு கூத்து நடந்தது. நெட்டை அடித்த பந்து எங்கள் பக்கம் ஒருத்தியின் தோளில் பட்டு விர்ரென்று மேலே போனது. பழக்க தோஷத்தில் குட்டி, “கூரை!” என்று கத்தினாள். நாங்கள் ஆறு பேரும் கையைக் கீழே போட்டு, கண்ணை மூடிக் குனிந்துவிட்டோம். பந்து எங்கள் நடுவில் வந்து பொத்தென்று விழுந்தது. அரங்கமே சிரித்தது. அவர்கள் அணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாஸ்டர் கைதட்டிச் சிரித்தார். எனக்கு மானமே போய்விட்டது.

ஆனால் கண்ணைத் திறந்தபோது வலைக்கு அந்தப் பக்கம் நான் ஒன்றைப் பார்த்தேன். நெட்டையும் கையைத் தொங்கவிட்டுக் குனிந்து நின்றாள். சட்டென்று நிமிர்ந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் அணி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் நான் ஒருத்திதான். அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்துக்குப் பதினொன்று என்று தோற்று வந்து உட்கார்ந்தோம். குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். “அழுதா இங்கயே அறைஞ்சிடுவேன்” என்றேன். நாங்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் அணியாக என்றும் இருந்ததில்லை.

லைப்ரரி மேடம் தான் குறித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டே ரெண்டு தடவ பந்த தாழ்வா போட்டீங்க. ரெண்டு தடவயும் அவங்க கை தூக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் விழுந்துடுச்சு. மத்ததெல்லாம் மேல போட்டீங்க, வாங்கிக் கட்டிக்கிட்டீங்க. ஏன் மேல போடறீங்க?” என்று கேட்டார்.

“பெரிய டீம்லாம் அப்படித்தான் மேடம் ஆடுவாங்க” என்றேன்.

“நீங்க பெரிய டீமா?”

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, “தலைக்கு மேல உத்தரம் இருக்குன்னு நெனச்சுக்கங்கடி. கொட்டகைல ஆடற மாதிரி ஆடுங்க” என்றேன்.

இரண்டாவது செட்டில் பந்து என் விரலை விட்டு இரண்டடிகூட எழும்பவில்லை. வலையை உரசிக்கொண்டு தட்டையாகப் போனது. எங்கள் குள்ளச்சிகள் அது வருவதற்கு முன்பே காற்றில் இருந்தார்கள். அவர்களுடைய ஆறடிச் சுவர் எழுவதற்குள் பந்து தரையில் கிடந்தது. சர்வீஸையும் வலைக்கு அருகே சொட்டவிட்டோம். நெடுமரங்களுக்குக் குனிவது என்றால் வேப்பங்காய். மாஸ்டரின் சிரிப்பு நின்றது. “இந்தக் குள்ளக் கூட்டத்துக்கிட்டயா?” என்று அவர்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். தப்பு செய்த ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. செட் எங்களுக்கு.

மூன்றாவது செட் பதினைந்து புள்ளிதான். அதில் விளையாட்டு என்று எதுவும் இல்லை; வெறும் பகைதான். வலைக்கு அடியில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தோம். “கொட்டகைக்கே திரும்பிப் போங்கடி” என்று அவர்கள் பக்கம் ஒருத்தி துப்பாத குறையாகச் சொன்னாள். கொட்டகை என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நெட்டையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பத்துக்குப் பத்து. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நெட்டை அடித்த பந்து ஒன்று என் நெஞ்சில் பட்டு மூச்சடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதினான்குக்குப் பதின்மூன்று. எங்களுக்கு இன்னும் ஒன்றுதான் தேவை.

அந்தக் கடைசிப் பந்து முடியவே மாட்டேன் என்றது. குட்டி மூன்று முறை தரையில் புரண்டு எடுத்தாள். நான்காவது முறை அவள் எடுத்தது கோணலாகப் போனது. இன்னொருத்தி ஓடிப்போய் முஷ்டியால் தட்டிவிட்டாள். மூன்றாவது, எங்களுக்குள்ள கடைசித் தொடுகை என் கைக்கு வந்தது. அடிக்க வழியில்லை. அந்தப் பக்கம் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியே இல்லை. அப்படித் தள்ளும் பந்து, எதிரிக்கு நாமாகக் கொடுக்கும் தானம்.

பின்வரிசையில் நெட்டை நின்றாள். பந்தை அவள் தலைக்கு நேர் மேலே, என்னால் முடிந்த மட்டும் உயரமாக ஏற்றினேன். எங்கள் கொட்டகையாக இருந்தால் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அவள் நிதானமாக இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு அடியில் வந்து நின்றாள். சின்னக் குழந்தைகூட எடுத்துவிடும் பந்து.

“கூரை!” என்று கத்தினேன்.

அவள் கைகள் பிரிந்து கீழே விழுந்தன. கண் மூடியது. ஒரு நொடிகூட இருக்காது. திறந்து, பாய்ந்து, மணிக்கட்டை நீட்டினாள். பந்து அதில் பட்டுப் பக்கவாட்டில் சிதறி நடுவரின் நாற்காலிக் காலில் போய் முட்டியது. விசில் ஊதினார்கள்.

பிறகு என்ன, ஒரே கூச்சல். எங்கள் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மேடம் மட்டும் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து, “கடைசில யாரு கத்தினது? இதுக்குப் புத்தகத்துல ஒண்ணும் காணோமே” என்றார்.

“குட்டிதான் மேடம்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

குட்டி முழித்தாள். “நானா? கத்தியிருப்பேன் போல. அது தானா வந்துடுது மேடம்” என்றாள். உடனே எல்லோரும் அவளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பக்கம் நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நெட்டை தலை குனிந்து நின்றாள். மாஸ்டர் அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, “அந்தக் கொட்டகை புத்தி இன்னும் போகல உனக்கு. நாளைலேர்ந்து நீ வெளிய உக்காரு” என்று அரங்கமே கேட்கும்படி கத்தினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வருடம் முழுக்கக் காத்திருந்ததற்கு நல்ல கூலி என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் வலையோரம் வரிசையாக நடந்து கை கொடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“கை கொடுத்தாச்சுல்ல, விடு” என்றேன்.

“கத்தினது குட்டி இல்ல.”

“குட்டிதான். வேணும்னா அவளையே கேளு.”

“அவ கத்தியிருந்தா நான் நின்னிருக்க மாட்டேன்டி. மொத செட்லயே ஏமாந்தாச்சு. அவ எத்தன தடவ கத்தினாலும் பந்த எடுத்துடணும்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லித்தான் ஆடினேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கொடுத்திருப்பேன். “நீ ஒருநாளும் கத்தினதில்லயே. நீயே கத்தறேன்னா நிஜமாவே தலைமேல என்னமோ விழப்போகுதுன்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டுக் கையை விட்டாள். மாஸ்டர் கூப்பிட்டார், போய்விட்டாள். எனக்குப் பின்னால் எங்கள் பெண்கள் குட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, “கூரை! கூரை!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து வலது முழங்கால் உறையைக் கழற்றினேன். கொடுக்கலாம் என்று வாசலுக்கு ஓடிப் போனபோது அவர்கள் பஸ் கிளம்பிவிட்டிருந்தது.